ஞாயிற்றுக்கிழமைக் கோச்சும் சனிக்கிழமை ஆட்டமும்

மான்டி கிஃபின் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் கோச் விஷயத்தில் எனக்கும் அண்ணனுக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. மனிதர் 2024 ஜூலையில், 84 வயதில், காலமாகிவிட்டார். யு.எஸ்.சி.யை (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) விட்டு அவர் கிளம்பியது அதற்கும் பன்னிரண்டு வருடம் முன்னால். ஆனாலும், என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் பழம் தின்று கொட்டை போட்ட யாரையாவது ஒரு கல்லூரி டிஃபென்சிவ் கோஆர்டினேட்டராக எடுக்கிறது என்று செய்தி வந்தால் போதும், அண்ணனிடமிருந்து ஃபோன் வந்துவிடும். "என்ன தம்பி, இவரும் தேறமாட்டாரா?"

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. மதுரைக்காரர். யு.எஸ்.சி.யில் எம்.எஸ். முடித்துவிட்டு டாரன்ஸ் பக்கம் வீடு வாங்கி உட்கார்ந்துவிட்டவர். அமெரிக்கன் ஃபுட்பாலை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். வாத்தியாரோடு வாதாடுவது எவ்வளவு சங்கடம் என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. கல்லூரி அணிகள் சனிக்கிழமை ஆடும், தொழில்முறை அணிகள் ஞாயிற்றுக்கிழமை ஆடும். தலைமைக் கோச்சுக்குக் கீழே தாக்குதலுக்கு ஒருவர், தடுப்புக்கு ஒருவர் என்று இரண்டு கோஆர்டினேட்டர்கள் இருப்பார்கள். நம்மூர் கிரிக்கெட்டின் பந்துவீச்சுக் கோச் போல இவரை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு பந்துக்கும் பதினோரு பேரையும் எங்கே நிறுத்துவது என்று எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று அவரே முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். ஓர் ஆட்டத்தில் எழுபது எண்பது முறை அந்த முடிவை எடுக்கவேண்டும்.

அந்த வேலையில் கிஃபினுக்கு நிகரானவர்களை விரல் விட்டு எண்ணலாம். 1996 முதல் 2008 வரை பதின்மூன்று சீசன் டாம்பா பே பக்கனியர்ஸின் தடுப்பு அவர் கையில் இருந்தது. 2002 சீசனில் அந்த அணி மொத்தமே 196 புள்ளிதான் விட்டுக்கொடுத்தது. லீக்கிலேயே அதுதான் குறைவு. 2003 ஜனவரியில் நடந்த லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் ஓக்லண்ட் ரைடர்ஸை 48-21 என்று மடக்கினார்கள். அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ரிச் கேனன் வீசிய ஐந்து பந்துகளை டாம்பாக்காரர்கள் பறித்தார்கள், அதில் மூன்றை அப்படியே எடுத்துக்கொண்டு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் ஆக்கினார்கள். அவரும் முன்பு அங்கே தலைமைக் கோச்சாக இருந்த டோனி டஞ்சியும் செதுக்கிய அந்த அமைப்புக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது: டாம்பா 2.

அப்படிப்பட்டவர் 2009-இல், அறுபத்தெட்டு வயது முடியும் தறுவாயில், மகன் லேன் கிஃபின் தலைமைக் கோச்சாக இருந்த டென்னசி பல்கலைக்கழகத்துக்கு வந்தார். சம்பளம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல். ஓர் உதவிக் கோச்சுக்கு அந்தக் காலத்தில் அது கண்ணைக் கட்டும் தொகை. ஒரே வருடம். 2010 ஜனவரியில் மகனுக்கு யு.எஸ்.சி. கதவைத் திறந்தது, அப்பாவும் கூடவே லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தார். எங்கள் சண்டையும் அன்றைக்குத்தான் தொடங்கியது.

அண்ணன் கட்சி எளிமையானது. "சூப்பர் பௌல் ஜெயிச்ச மனுஷன். பத்தொம்பது வயசுப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா? கல்லூரி என்ன, ராக்கெட்டா?"

எதிர்க்கட்சி என் சொந்தச் சரக்கு இல்லை, அப்போது பாதி ஊர் பேசியதுதான். வயதாகிவிட்டது, மகன் தயவில் வந்தவர், புதுமாதிரி ஆட்டம் தெரியாது. இதில் வயதையும் உறவையும் வைத்துப் பேசுவது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை. மூன்றாவதுதான் பேசவேண்டிய விஷயம். ஆனால் அதையும் எல்லோரும் மேலோட்டமாகத்தான் பேசினார்கள்.

டாம்பா 2 எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முன்வரிசையில் நான்கு பேர். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை நெருக்குவது அந்த நான்கு பேரின் பொறுப்பு, வேறு யாரையும் துணைக்கு அனுப்புவதில்லை. பின்னால் இரண்டு சேஃப்டிகள், ஆழமான பகுதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் காவல் காப்பார்கள். அந்த இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு சந்து விழும். அதை அடைக்க, நடுவில் நிற்கும் லைன்பேக்கர் பந்து ஆட்டத்துக்கு வந்தவுடன் முதுகுப் பக்கமாக ஓடி இருபது யார்டு தூரம்வரை போகவேண்டும். மற்றவர்கள் ஆளைத் துரத்துவதில்லை. தங்கள் இடத்தில் நின்று குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் பார்ப்பார்கள், பந்து கிளம்பியதும் பதினோரு பேரும் அதன்மேல் பாய்வார்கள். தந்திரம் குறைவு, ஓட்டம் அதிகம். கிஃபினுக்கு அதில்தான் பெருமை.

இது நிற்பது ஒரு நம்பிக்கையின்மேல். குவார்ட்டர்பேக் ஓடமாட்டான் என்பதுதான் அந்த நம்பிக்கை. அன்றைய என்.எஃப்.எல்.லில் அது பெரும்பாலும் உண்மை. கல்லூரியில் அப்போதே பொய்யாகிக்கொண்டிருந்தது. கோச் சிப் கெல்லியின் ஆரிகன் பல்கலைக்கழக அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரன் வயிற்றில் வைத்தபடியே, வேண்டுமென்று தடுக்காமல் விட்ட ஒரு முன்வரிசை ஆளைப் பார்ப்பான். அந்த ஆள் ஓட்டக்காரனைத் துரத்தினால் பந்தை உருவிக்கொண்டு தானே ஓடுவான், தன்னிடம் வந்தால் பந்தை விட்டுவிடுவான். தடுப்பில் ஓர் ஆளைத் தொடாமலேயே கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்கள். கிஃபின் அமைப்பில் எல்லோருடைய கண்ணும் எங்கே? குவார்ட்டர்பேக் மேல். ஏமாற்றுகிறவனும் அவன்தான். நடு லைன்பேக்கர் பின்னால் ஓடவேண்டுமா, முன்னால் வரவேண்டுமா? அரை வினாடி தயங்கினால் ஆரிகன்காரன் பதினைந்து யார்டு போயிருப்பான்.

இதோடு மைதானமும் சேர்ந்து சதி செய்கிறது. பந்தை வைத்துத் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் கோடுகள் என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடி இடைவெளியில் இருக்கும், கல்லூரியில் நாற்பது அடி. மைதானத்தின் அகலம் இரண்டிலும் ஒன்றே, 160 அடி. பந்து ஒரு கோட்டில் இருந்தால், தொழில்முறை ஆட்டத்தில் அகலமான பக்கம் ஏறத்தாழ 89 அடி, கல்லூரியில் 100. ஒரு சேஃப்டி காக்கவேண்டிய 'பாதி' பாதியாகவே இல்லை. ஆரிகன் தன் வேகமான பையன்களை அந்தப் பக்கம்தான் நிறுத்தும்.

இன்னொன்று, பலர் மறந்துவிட்டது. 2008 முதலே என்.எஃப்.எல்.லில் தடுப்பு வீரர் ஒருவரின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ உண்டு. கோச் நேரடியாகக் காதில் சொல்லலாம். கல்லூரிக்கு அது வந்தது 2024-இல்தான். அதுவரை எல்லாம் கைச்சாடைதான். எதிரே ஆரிகன் நான்கு கட்டம் போட்ட படப்பலகைகளைத் தூக்கிக் காட்டி, பத்துப் பதினைந்து வினாடிக்குள் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடும். இங்கே ஆள் மாற்ற நேரமில்லை, சாடை பார்க்க நேரமில்லை.

2010 அக்டோபர் 30-இல் யு.எஸ்.சி.யின் சொந்த மைதானமான கொலிசியத்தில் ஆரிகன்காரர்கள் 53 புள்ளி எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2012 நவம்பர் 3, அதே மைதானம். சீசன் தொடங்கும்போது நாட்டில் முதலிடம் என்று கணிக்கப்பட்ட யு.எஸ்.சி. 51 புள்ளி எடுத்தும் தோற்றது. ஆரிகன் 62. அதுவரை யு.எஸ்.சி. வரலாற்றில் எந்த அணிக்கும் அவ்வளவு விட்டுக்கொடுத்ததில்லை. மொத்தம் 730 யார்டு. கென்யான் பார்னர் ஒருவரே 321 யார்டு ஓடி ஐந்து டச்டவுன் போட்டார். மார்கஸ் மாரியோட்டா என்ற முதலாண்டுப் பையன் 23 முறை வீசியதில் 20 போய்ச் சேர்ந்தது. அதற்கு முந்தின வாரம்தான் அரிசோனாவிடம் 39-36 என்று தோற்றிருந்தார்கள். நவம்பர் முடிவதற்குள் கிஃபின் விலகுவதாக அறிவித்துவிட்டார்.

இதோடு முடிந்தால் வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன். அண்ணன் விடுவாரா?

அவரிடம் நல்ல சீட்டுகள் இருக்கின்றன. 2009 டென்னசி. அந்த வருடம் நாட்டுக்கே சாம்பியன் ஆன அலபாமா, கிஃபினின் தடுப்புக்கு எதிராக ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. நான்கு ஃபீல்ட் கோல் (கம்பத்துக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்து, டென்னசியின் கடைசி உதையைத் தடுத்து, 12-10 என்று தப்பித்தார்கள். டிம் டீபோவின் ஃபுளோரிடாவை 23-இல் நிறுத்தினார். "ஓடுற குவார்ட்டர்பேக் டீபோ இல்லாம வேற யாரு தம்பி?" என்பார் அண்ணன். நான் அதே சீசனில் ஓலே மிஸ்ஸின் டெக்ஸ்டர் மெக்லஸ்டர் 282 யார்டு ஓடியதைச் சொல்வேன். "அது ஒரு நாள்" என்பார். கோச்சுகளுக்கு மட்டும் ஏன் மோசமான நாள் 'ஒரு நாள்', நல்ல நாள் 'திறமை' என்று கேட்டால் பதில் வராது.

யு.எஸ்.சி. மேல் இருந்த தண்டனையையும் சொல்வார். அதில் நியாயம் உண்டு. முன்னாள் நட்சத்திரம் ரெஜி புஷ் விதியை மீறிச் சலுகை வாங்கிய விவகாரத்தில், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 2010-இல் மூன்று வருடத்துக்கு முப்பது ஸ்காலர்ஷிப்பை வெட்டியது. மற்ற அணிகள் அப்போது 85 பேருக்கு உதவித்தொகை கொடுத்து ஆடும்போது ஆள் பற்றாக்குறையோடு ஆடுவது லேசு இல்லை. இருப்பவர்களுக்கு அடிபட்டுவிடக் கூடாது என்று பயிற்சியில் ஆளைத் தரையில் சாய்ப்பதையே குறைத்துக்கொண்டார்கள். சாய்த்துப் பழகாதவன் சனிக்கிழமை எப்படிச் சாய்ப்பான்? கிஃபின் மேல் மட்டும் பழி போடுவது அநியாயம் என்று அண்ணன் சொல்லும்போது நான் தலையாட்டத்தான் செய்வேன்.

ஆனால் அவர் சொல்லாத ஒரு பெயர் இருக்கிறது. கிளான்சி பெண்டர்காஸ்ட். இவரும் என்.எஃப்.எல். ஆள்தான். அரிசோனா கார்டினல்ஸின் தடுப்பை ஐந்து சீசன் பார்த்துக்கொண்டு, அவர்களோடு சூப்பர் பௌல் வரை போனவர். 2010-இல் கலிஃபோர்னியா பெர்க்லி அணிக்கு (சுருக்கமாக 'கால்' என்பார்கள்) கோஆர்டினேட்டராக வந்தார். கிஃபின் 53 கொடுத்த இரண்டே வாரம் கழித்து, அந்த வருடம் ஒரு தோல்வி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த அதே ஆரிகனை இவர் 15 புள்ளியில் நிறுத்தினார். அதிலும் தாக்குதல் அணி போட்ட டச்டவுன் ஒன்றுதான், மற்றது பந்து உதையைத் திருப்பி ஓடி எடுத்தது. கால் தோற்றது, 15-13. (அடிபட்டதுபோல் கீழே விழுந்து ஆரிகனின் வேகத்தை உடைக்கச் சொன்னதற்காக கால் தன் உதவிக் கோச் ஒருவரை ஓர் ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்ததும் அந்த ஆட்டத்தில்தான். 15 புள்ளியும் யோக்கியமாக வந்தது என்று நான் சொல்லவில்லை.)

இன்னொருவர் விக் ஃபான்ஜியோ. பல வருடம் என்.எஃப்.எல்.லில் ஊறியவர், 2010-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரே ஒரு சீசன். முந்தின வருடம் ஆட்டத்துக்கு 26 புள்ளிக்கு மேல் கொடுத்த அணி, அவர் கையில் 17-க்கு இறங்கியது. மூன்று எதிரிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஸ்டான்ஃபோர்ட் 12-1. அந்த ஒரே தோல்வி? ஆரிகனிடம், 52-31. ஆக, ஆரிகன் எல்லோரையும் அடித்தது. ஆனால் ஃபான்ஜியோ விட்டுப்போன அமைப்பின்மேல் கட்டிய ஸ்டான்ஃபோர்ட், 2012-இல் கிஃபின் 62 கொடுத்த இரண்டு வாரத்தில், ஆரிகனை அவர்கள் ஊரிலேயே கூடுதல் நேரத்தில் 17-14 என்று வீழ்த்தியது.

மூவரும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். ஒரே வட்டாரம், ஒரே எதிரி. 'என்.எஃப்.எல். ஆள் கல்லூரியில் தேறுவாரா' என்ற கேள்விக்கு இதில் பதிலே இல்லை. அதனால்தான் அந்தக் கேள்வியே எனக்கு அலுத்துவிட்டது.

நான் சொல்வது வேறு. கிஃபினின் அனுபவம் என்று எதை யு.எஸ்.சி. விலை கொடுத்து வாங்கியது? டெரிக் புரூக்ஸ் டாம்பாவில் பதினான்கு சீசன் ஆடினார். ரொண்டே பார்பர் பதினாறு. வாரன் சாப், ஜான் லிஞ்ச் எல்லாம் வருடக்கணக்கில் ஒரே மனிதரின் கீழ் ஒரே அமைப்பை ஆடியவர்கள். அந்த அமைப்புக்கென்றே தேர்ந்தெடுத்து, அதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆட்கள். லைன்பேக்கர் எந்த நொடியில் திரும்பவேண்டும் என்பது கிஃபினின் தாளில் எழுதியிருந்ததா, புரூக்ஸின் காலில் ஏறியிருந்ததா? தாளில் இருந்தது மட்டும்தான் லாஸ் ஏஞ்சலஸுக்கு விமானம் ஏறியது. கல்லூரியில் ஒரு பையன் நன்றாக ஆடினால் மூன்று வருடத்தில் போய்விடுவான், இல்லையென்றால் நான்கில். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் அவனைப் பயிற்சியில் வைத்திருக்க விதி இடம் கொடுக்காது. புதன்கிழமை அவனுக்கு மிட்டெர்ம் இருக்கும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் பாதிப் பேருக்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டும்.

அந்த அமைப்பு எளிமையானது, அதனால் கல்லூரிக்குப் பொருத்தம் என்று 2010-இல் பலர் எழுதினார்கள். அண்ணனும் சொன்னார். எனக்கு இதுதான் வியப்பு. எளிமையாகத் தெரிவது எல்லாம் சொல்லிக்கொடுக்க எளிமை இல்லை. அந்த எளிமை பத்து வருடப் பழக்கத்தில் வந்தது. பெண்டர்காஸ்ட் கால் அணிக்குத் தன் கார்டினல்ஸ் புத்தகத்தை மட்டும் கொண்டுவரவில்லை, ஆரிகனுக்கு என்ன வேண்டும் என்று பார்த்து ஆளை முன்னால் நிறுத்தி, ஓட்டத்தை முதலில் அடைத்தார்.

அண்ணனின் துருப்புச் சீட்டு 2013. யு.எஸ்.சி.யை விட்ட கிஃபின் திரும்ப என்.எஃப்.எல்.லுக்கே, டல்லாஸ் கவ்பாய்ஸுக்குப் போனார். சிப் கெல்லியும் கல்லூரியை விட்டு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் தலைமைக் கோச் ஆகியிருந்தார். அக்டோபர் 20, ஃபிலடெல்ஃபியாவில் இருவரும் மோதினார்கள். கெல்லியின் அணி எடுத்தது மூன்றே புள்ளி. 17-3, டல்லாஸ் வெற்றி. நிக் ஃபோல்ஸுக்கு அடிபட்டு, மாற்றுக் குவார்ட்டர்பேக்காக இறங்கி மூன்று பந்துகளைப் பறிகொடுத்த பையன் யார் தெரியுமா? மேட் பார்க்லி. முந்தின நவம்பரில் அதே கெல்லிக்கு எதிராக யு.எஸ்.சி.க்காக 484 யார்டு வீசியும் தோற்றவர். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் குரலில் இருந்த சந்தோஷத்தை எழுத முடியாது. "பாத்தியா! கோடு கிட்டக்க இருந்தா, ரேடியோ இருந்தா, மனுஷன் என்ன பண்றாரு பாத்தியா!"

பார்த்தேன். என் கட்சியைத்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார். அதையும் சொன்னேன். அந்த சீசன் முடிவில் யார்டு கணக்கில் டல்லாஸ் தடுப்பு லீக்கிலேயே கடைசி, 32-ஆவது, என்பதையும் டிசம்பரில் ஞாபகப்படுத்தினேன். அது தேவையில்லாத வேலை, ஒரு வாரம் பேசவில்லை.

அவரும் சும்மா விடவில்லை. கிஃபினுக்குப் பதில் 2013-இல் யு.எஸ்.சி. எடுத்தது யாரை? என் கதாநாயகன் பெண்டர்காஸ்டை. செப்டம்பரில் அரிசோனா ஸ்டேட் அவருடைய தடுப்புக்கு எதிராக எத்தனை எடுத்தது? 62. அதே எண். ஊர் திரும்பிய விடியற்காலையே, விமான நிலையத்தில் வைத்து, லேன் கிஃபினை வேலையை விட்டு அனுப்பினார்கள். பிறகு அந்தத் தடுப்பு தேறியது, நவம்பரில் ஸ்டான்ஃபோர்டை 20-17 என்று ஜெயித்தார்கள், சீசன் 10-4 என்று முடிந்தது. ஆனால் அந்த 62-ஐ அண்ணன் சாகும்வரை மறக்கமாட்டார்.

கல்லூரியிலேயே வளர்ந்தவர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள் என்பதும் அவர் கேள்வி. 2023-இல் அலெக்ஸ் கிரின்ச் யு.எஸ்.சி. தடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கல்லூரி ஆள். வாஷிங்டனிடம் 52 கொடுத்த மறுநாள் வெளியே அனுப்பினார்கள். அடுத்து வந்த டான்டன் லின், என்.எஃப்.எல்.லில் உதவிக் கோச்சாகப் பல வருடம் இருந்துவிட்டு, யு.சி.எல்.ஏ.வில் ஒரு வருடம் கைபழகியவர். ஆட்டத்துக்கு 34 கொடுத்துக்கொண்டிருந்த அணி 24-க்கு வந்தது. அந்த ஒரு வருடம் முக்கியம் என்பது என் கட்சி, என்.எஃப்.எல். வளர்ப்பு முக்கியம் என்பது அண்ணன் கட்சி. இதில் இருவரும் சரியாகக்கூட இருக்கலாம்.

கடைசி ஃபோன் மேட் பட்ரீஷியாவுக்காக வந்தது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸில் தடுப்பைப் பார்த்தவர், டெட்ராய்ட் லயன்ஸின் தலைமைக் கோச்சாக இருந்து நீக்கப்பட்டவர். 2025-இல் ஒஹையோ ஸ்டேட் அவரை எடுத்தது. ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங் படித்தவர் என்பதில் அண்ணனுக்குத் தனிப் பாசம். "ராக்கெட்டான்னு கேட்டேனே, இப்ப ராக்கெட்காரனே வந்துட்டான்!" முதல் ஆட்டத்திலேயே, நாட்டின் முதலிடத்தில் இருந்த டெக்சஸை 14-7 என்று அடக்கினார்கள். அந்த சீசனில் மிகக் குறைவாகப் புள்ளி கொடுத்த தடுப்புகளில் அதுவும் ஒன்று.

"இப்ப என்ன சொல்ற?"

இப்போது கல்லூரி பழைய கல்லூரி இல்லை என்றேன். காதில் ரேடியோ வந்துவிட்டது. பையன்களுக்குச் சம்பளம் வந்துவிட்டது, வேண்டிய ஆளைப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து இழுத்துக்கொள்ளலாம். ஓடுகிற குவார்ட்டர்பேக் என்.எஃப்.எல்.லிலும் சாதாரணம், லமார் ஜாக்சனையும் ஜோஷ் ஆலனையும் தடுக்கத் திட்டம் போட்டவர்களுக்கு சனிக்கிழமை ஆட்டம் அந்நியம் இல்லை. கோடு மட்டும் இன்னும் நாற்பது அடியில்தான் இருக்கிறது.

"அப்ப மான்டி கிஃபின் இன்னிக்கு, அறுபது வயசுல, யு.எஸ்.சி.க்கு வந்தா எடுத்துப்பியா?"

எடுத்துக்கொள்வேன் என்றேன். அண்ணன் சிரித்த சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்து, ஒரு நிபந்தனையும் சொன்னேன். தலைமைக் கோச் அவருடைய மகனாக இருக்கக் கூடாது. 2010-இல் 53 வாங்கியபின், திங்கட்கிழமைக் கூட்டத்தில், "இந்த அமைப்பை மாத்துங்க" என்று அவரிடம் யாராவது சொல்லவேண்டியிருந்தது. சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான். முப்பத்தைந்து வயது லேன், எழுபது வயது அப்பாவைப் பார்த்து அதை எப்படிச் சொல்லியிருப்பார்?

"அது அமெரிக்கா தம்பி, அங்கெல்லாம் சொல்லுவாங்க" என்றார் அண்ணன். அவருடைய மகன் அவருடைய அலுவலகத்திலேயே இரண்டு வருடமாக மேனேஜராக இருக்கிறான். அவன் இவரிடம் என்னவெல்லாம் சொல்கிறான் என்று கேட்டேன். கோடை வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.